மூன்று கிலோ எண்ணூறு

மீன் பாடும் என்று ஊரார் சொல்லும் இடத்தில்
இவன் வாத்துப் போல் இருமினான்.
கல்லடிப் பழைய பாலம், மாலை ஐந்தரை.
தூண்டில்காரர் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
"என்ன தம்பி, முள்ளுக் கிள்ளு விழுங்கிற்றானோ?"
முள்ளில்லை.
என் கையிலிருந்த கயிறுதான்.

பெயர் பிஸ்தா. வயது ஒன்பது.
பாதி பொமரேனியன், மீதி நாவற்குடாச் சந்தி.
யோகமலர் குவைத்துக்குப் போகிற கிழமை
என் மோட்டார் சைக்கிள் டேங்கின் மேல்
இவனைத் தூக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:
"மூண்டு தவணை பாக்கி கிடக்கு, தெரியும்.
இவனையும் நீங்கதான் பார்க்கணும்."
எங்கள் லீசிங் கம்பனியில்
இதற்கென்று ஒரு படிவமும் இல்லை.

கழுத்தைப் பிடிக்கிற வேலை என்று
என் காதுபடவே சொல்வார்கள்.
கழுத்துமட்டும் கடன் என்று சொல்வார்கள்.
ரசீது எழுதிக்கொண்டே கேட்பேன், குனிந்தபடி.
ஆனால் ஒரு கழுத்தை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.
சிவப்பு ரெக்சீன் பட்டி, ஒரு விரல் அகலம்,
ஆணியால் அவள் அடித்த நாலாவது ஓட்டை,
அதன் கீழே மயிர் தேய்ந்து
கால் அங்குலம் வெறுந்தோல்.

மிருக வைத்தியர் சிஃபானா
இரண்டு விரலால் தொண்டையைத் தொட்டார்.
அவ்வளவுதான், வாத்து.
"மூச்சுக்குழாய் இவங்களுக்குப் பப்பாசித் தண்டு மாதிரி.
நசிஞ்சா நசிஞ்சதுதான்.
இழுக்கிறவன் இழுத்துத்தான் தீருவான்,
நெஞ்சால இழுக்கட்டும்."

மத்திய வீதிக் கடையில்
கழுத்துப் பட்டி முந்நூற்றைம்பது,
ஹார்னஸ் இரண்டாயிரத்து நானூற்றைம்பது.
"இந்தத் துண்டு நாய்க்கு எதுக்கண்ணே?"
பெடியன் கேட்டதும் நியாயம்.
வருமானமில்லை, பிணைக்கு ஆளில்லை,
நான் ஒப்பமிட்டுத் தரக்கூடிய ஆளே அல்ல இவன்.
வாழ்நாளில் முதல்தடவை
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்:
"கொஞ்சம் குறைச்சுப் போடுங்களன்."
குறைக்கவில்லை.

எந்தக் கால் எந்த ஓட்டைக்குள்?
முதல் நாள் இரண்டு காலும் ஒரே ஓட்டைக்குள்.
இரண்டாம் நாள் தலைகீழ்.
மூன்றாம் நாள் சரியாக மாட்டினேன்,
அவன் நடப்பதை நிறுத்திவிட்டான்.
படிக்கட்டில் நின்றான்,
அவமானப்பட்ட மணமகன் போல.
நானும் நின்றேன். மழை வந்தது. உள்ளே போனோம்.

நாலாம் நாள் பாலத்தடியில்
புதுப் பாலத்துக் கல்முனை பஸ் ஹோர்ன் அடிக்க
பின்னுக்கு இரண்டடி, ஒரு நெளிவு,
என் கையில் வெறும் சட்டை தொங்கியது.
நாய், வாகனங்களுக்குள்.

பிடிக்க ஒன்றுமில்லை அவனில்.
இறால் விற்கும் கிறேஸி அக்கா
கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நிலத்தில் போட்டாள்.
வந்துவிட்டான்.
என்னைத்தான் ஏசினாள்:
"ஆருட நாய் எண்டு எப்பிடித் தெரியும்?
கழுத்தில ஒண்டும் இல்ல.
மறுகா ஆருக்குச் சொல்லுற?"

இப்போது இரண்டும் போட்டிருக்கிறான்.
ஹார்னஸை இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கி,
கயிற்றை அதில் மாட்டி.
பழைய சிவப்புப் பட்டி சும்மா கிடக்கிறது,
மூன்றாவது ஓட்டையில், தளர்வாக.
தூண்டில்காரர்களுக்குப் புதினமில்லை இப்போது.
காற்றுக்கு எதிராக நெஞ்சைக் கொடுத்து
மூன்று கிலோ எண்ணூறு
என்னைக் கல்லடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

வெள்ளிக்கிழமை அவள் வீடியோவில் வந்தாள்,
பின்னால் யாருடையதோ பெரிய குசினி.
"இருமுறானா?"
"இல்ல."
"இழுக்கிறானா?"
"என்ட தோள் கழண்டு போகுது."
சிரித்தாள். யாரோ கூப்பிட, சிரிப்போடேயே வெட்டினாள்.
தவணையைப் பற்றி அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பட்டியில் ஒரு தகடு கொழுவியிருக்கிறேன்.
ஒரு பக்கம் என் தொலைபேசி இலக்கம்.
மறுபக்கத்தைச் சும்மா விட்டிருக்கிறேன்.
அவளுடைய ஒப்பந்தம் இரண்டு வருடம்.