ஐநூறு யூனிட்

காரைக்குடியில் மின்கட்டணம் வாங்கும்
இரண்டாம் கவுன்டரில்
கம்பிக்கு இந்தப் பக்கம் நான்.

முன்வாசல் ஒரு தெருவிலும்
பின்வாசல் அடுத்த தெருவிலுமாக
அறுபத்துநாலு கதவுள்ள வீட்டில்
இரண்டு மாதத்தில் ஓடியது பதினோரு யூனிட்.
கட்டணம் பூஜ்யம்.
வாட்ச்மேன் நடராசு
அதைக் கேட்டுப்போக மட்டும் வருவார்.
"ஒண்ணும் இல்லயே?"
"ஒண்ணும் இல்லண்ணே."

கழனிவாசலில் எங்கள் வாடகை வீட்டுக்கு
மூன்று கதவு.
அதில் ஒன்று மழைக்கு உப்பித் திறக்காது.
போன தடவை நானூற்று எழுபத்தெட்டு.

பிடித்தம் போகக் கைக்கு வருவது
நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபது.
கதிரேசனின் ஜெராக்ஸ் கடை வருமானத்தை
நான் நோட்டில் எழுதுவதில்லை.
பரீட்சை மாதம் மழை,
மற்ற மாதம் தூறல்.
வாடகை, பால், ஆதிரைக்குப் பள்ளி வேன்,
தபால் ஆபீஸ் ஆர்.டி.,
திங்கட்கிழமைச் சந்தை,
ஏசித் தவணை பன்னிரண்டில் ஏழு.
மொய் மட்டும் பென்சிலில்,
வைகாசிக்குள் இன்னும் பத்திரிகை வரும்.
குறைவில்லை.
குறைவில்லை என்று சொல்ல
மாதாமாதம் இருபத்தாறாம் தேதி
ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐநூறு யூனிட்
எங்கள் வீட்டுக்கு எல்லைச்சாமி.
தாண்டினால் விலை வேறு.
இதை ஊருக்கெல்லாம் விளக்கி
திட்டு வாங்குவதும் என் வேலை.

சித்திரை பிறந்தால் கதிரேசன்
பல் துலக்கும் முன் மீட்டரைப் பார்ப்பார்.
பக்கத்துச் சுவரில் சாக்பீஸால்
431, 452, 470.
ஏசி இரவு பத்திலிருந்து ஒன்று வரை.
ஒரு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அணைப்பார்.
அணைத்தபின் தூக்கம் வராமல்
விடியும்வரை புரண்டுகொண்டிருப்பார்.
அந்த மிச்சத்தை
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று
எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ரீடிங் எடுக்க மூன்று நாள் இருக்கையில்,
சுவரில் 489 என்று இருக்கையில்,
திருப்பத்தூரிலிருந்து நாச்சம்மை வந்திறங்கினாள்.
கையில் குழந்தை.
குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு.
"நாங்க மாடியில படுத்துக்கிறோம் மதினி,
காத்து வரும்ல."
அவளும் சம்பளக்காரன் பெண்டாட்டி.
ஏசி ஓடும் அறையில்
வீட்டுக்காரர் மனசில் என்ன ஓடும் என்று
தெரிந்தவள்.

கதிரேசன் என்னைப் பார்த்தார்.
நான் சுவரைப் பார்த்தேன்.
இலை ஒன்று அசையவில்லை வெளியே.
ரிமோட்டை எடுத்து
இருபத்தாறில் வைத்தேன்.
அலாரம் வைக்கவில்லை.

ஒரே அறையில் ஐந்து பேர்.
பாய் போதாமல் தரையில் என் பாதி முதுகு.
இடையில் விழித்தபோது
கதிரேசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்,
அலாரத்துக்குப் பயப்படாத குறட்டை.
குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை.
விடிகாலையில் பல்லவன் ஊதியதுகூட
எங்கோ யாருக்கோ ஊதியதுபோல் இருந்தது.

ஐநூற்றுப் பதினாலு.

கூடுதல் எவ்வளவு என்று
எனக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.
அரைக் கிலோ நெய் கால் கிலோ ஆகும்.
வண்டிக்குப் புது டயர் ஆடிக்குத் தள்ளிப்போகும்.
நோட்டில் மின்சாரம் என்ற வரியில்
பழைய தொகையையே எழுதினேன்.
மிச்சத்தை அடியில், தனி வரியாக:
'நாச்சம்மை மகன் தூங்கியது.'
கதிரேசன் வாசித்துவிட்டு
'மூணு ராத்திரி' என்று சேர்த்தார்,
பேனாவால்.

இன்று காலை நடராசு வந்தார்.
அதே கார்டு, அதே கேள்வி.
ஒண்ணும் இல்லண்ணே என்றேன்.
கொஞ்ச நேரம் நின்று
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போனார்.

பிறகு என் கார்டை நானே வாங்கி,
நானே எண்ணி,
நானே முத்திரை குத்தினேன்.
வரிசையில் நின்றவர் கேட்டார்,
"சில்லறை இருக்காம்மா?"
இருக்கு என்றேன்.