வலது பக்கம்

இரண்டாயிரத்து நானூறு வெள்ளி
கூட்டுக்காசு பாக்கி வைத்திருந்த தவமலர்
ஒருநாள் விடியலில் மோட்டாரை
என் வாசலில் சாய்த்து நிறுத்தி
சாவியைச் செருப்பு அலமாரி மேல் வைத்துப் போனாள்.
பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.
கிராண்டில் பெயர் மாற்ற மட்டும்
ஜேபிஜேயில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்,
நடுவில் அவள் குடை.

எஞ்சின் நல்லது. சீட்டு புதிதாய்த் தைத்தது.
எக்சோஸ்தான்.
முதலில் மூட்டருகே தேமல்,
பிறகு வயிற்றடியில் கொப்புளம்,
நகத்தால் தட்டினால்
கருவாட்டுச் செதிலாய் உதிர்ந்தது.

பகாவில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.
ஒரு ஞாயிறு துணிந்து
அட்டை விரித்து உட்கார்ந்தேன்.
விளக்குத் தேய்த்த புளி மிச்சமிருந்தது; தடவினேன்.
புளி பித்தளையோடு மட்டும்தான் பேசும் போல.
எதிர்வீட்டு ரொஹாயா அக்கா வேலிக்கு மேலாக
கோலா ஊற்றிப் பார் என்றாள்.
ஊற்றினேன். எறும்பு வந்தது.
கோழி சுற்றி வந்த அலுமினியத் தாளைக் கசக்கி
தண்ணீர் தொட்டு வட்டம் வட்டமாய்த் தேய்க்க
பழுப்புச் சேறு மணிக்கட்டு வரை வழிந்து
மத்தியானத்துக்குள்
ஐம்பது காசு அளவுக்கு வெள்ளை தெரிந்தது.
அதில் என் மூக்கு மட்டும்.

ஆ கியோங் குனிந்து பார்த்துச் சிரித்தான்.
'வெளியே தேய்ச்சி என்னா லா. துரு உள்ளே.
டெய்லி எவ்ளோ தூரம் ஓட்றே?'
வீட்டிலிருந்து எண்ணெய் ஆலை எடைமேடை
இரண்டு கிலோமீட்டர் முந்நூறு.
மூன்றாவது கியர் விழுமுன்
ஜாகா கதவைத் திறந்துவிடுவார்.
'அதான். பைப் சூடாவறதே இல்லே.
எண்ணெ எரிஞ்சா தண்ணி வரும்.
தண்ணி வெளியே போவலே.
உள்ளேயே குந்திகிட்டுத் தின்னுது.'

நாள் முழுக்க
செம்பனை லோரிகளின் எடை எழுதினேன்.
நிறைந்து வந்த எடை, காலியாய்ப் போன எடை.
உள்ளே குந்திக்கொண்டு தின்னுது.
ஒரு லோரிக்கு மாற்றி எழுதி
மானேஜரிடம் திட்டு வாங்கினேன்.

அறுநூறு டிகிரி தாங்கும் ஸ்ப்ரே
பதினெட்டு வெள்ளி தொண்ணூறு.
முந்நூறு தாங்குவது பாதி விலை.
கொஞ்ச நேரம் இரண்டையும் கையில் வைத்து நின்று
விலை கூடினதை எடுத்தேன்.
உப்புத்தாள் போட்டு, துடைத்து, மூன்று பூச்சு.
நிறம் இறுக எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு
அதை மறந்து
துணி எடுக்கச் சுற்றிப் போனவள்
வலது கெண்டைக்காலைக் கொடுத்தேன்.

பற்பசை தடவிக்கொண்டு பார்த்தால்
முட்டை வடிவம்.
இதே முட்டையை, பழசாகி மினுங்கியதை,
அந்தப் பெஞ்சில் குடைக்கு அப்பால் பார்த்திருக்கிறேன்.
என்ன நோயோ என்று
கொஞ்சம் தள்ளிக்கூட உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு ஜுவாசே வரை விட்டேன்.
வேலை ஒன்றுமில்லை. சூடாக்க மட்டும்.
ஏழாவது கிலோமீட்டரில் குழாய் இருமியது.
நிறுத்திப் பார்த்தேன்:
வால் நுனியிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரி
சொட்டு, சொட்டு, அப்புறம் நின்றது.
ஜுவாசேயில் ஒரு தே ஓ குடித்துத் திரும்பினேன்.

வழியில் பஸ் நிற்குமிடத்தில் தவமலர்.
காலடியில் ஐந்து கிலோ அரிசி.
ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்போது வருமென்று
பஸ்ஸுக்கே தெரியாது.
தாண்டித்தான் போனேன்.
இருபது அடி போய் நின்றேன்.

அரிசியை முன்கூடையில் வைத்தாள்.
ஹெல்மெட் ஒன்றுதான்.
'வலது பக்கம் சூடு, பார்த்து.'
'எனக்கா சொல்றே' என்றவள்
இடது பக்கமாகவே வந்து
தோளைப் பிடித்து ஏறினாள்.

கொஞ்ச தூரம் காற்று மட்டும்.
பிறகு காதருகில்:
'நாலாவது போடு. யோசிச்சா இருமும்.'

போட்டேன்.
என் சந்திப்பு வந்தது, போனது.
அவள் வீட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.
குழாய்க்கு நல்லது.