பெற்றுக்கொண்டேன்

ஹெஃபெய் நகரத்தில், பதினேழாம் மாடியில்
காலை ஆறு ஐந்துக்கு
பால் பொங்குவதற்கு முன்பே
கைபேசி பொங்கிவிடும்.

பாவ் ஆசிரியை எழுதியிருப்பார்:
இன்று முதல் தினமும் இருநூறு முறை
கயிறு தாண்ட வேண்டும்,
காணொளி எடுத்து அனுப்பவும்.
நாற்பத்து மூன்று வீடுகளிலிருந்து வரிசையாக
பெற்றுக்கொண்டேன் பெற்றுக்கொண்டேன் பெற்றுக்கொண்டேன்.
பெற்றவர்கள் வேலை அதுதானே.
நான் முப்பத்தொன்பதாவது.
எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் என்பதில்
அற்பமாய் ஒரு நிம்மதி.

ஆறு இருபதுக்கு மேலாளர்:
மூன்றாம் வரிசை இயந்திரம்,
திரைக் கண்ணாடியில் புள்ளி விழுகிறது,
மதியத்துக்குள் அறிக்கை.
பெற்றுக்கொண்டேன்.

ஆறு நாற்பதுக்குக் கதவு திறக்கும்.
ஹுவாய்ஜின்.
அதிவேக ரயில்கள் உறங்கும் நாலு மணி நேரம்
நெற்றியில் விளக்கோடு
தண்டவாளத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பவன்.
அவன் கைக்கும் என் கைக்கும் நடுவே
ஸ்கூட்டர் சாவி,
"இருமல் மருந்து கொடுத்தாச்சா",
"முட்டை ஆவியில் இருக்கு".
நான் விட்டுப்போன சூட்டில் அவன் படுப்பான்.
ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட்.
கல்யாணம் என்றால்
மெத்தை ஆறாமல் பார்த்துக்கொள்வது
என்று ஒருநாள் சொன்னான்.
நான் சிரித்து முடிப்பதற்குள் குறட்டை.

மழை நாளில்
இரண்டு தலைக்கு ஓட்டை வைத்த மழைக்கோட்டு.
முன் ஓட்டையில் நான்.
பின் ஓட்டையில் சியாவ்மான்,
என் முதுகெலும்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.
கதிர் பால் பிடிக்கும் பருவத்தின் பெயர் அவளுக்கு.
நிறைந்தும் நிறையாத நாட்கள்.
பெயர் வைத்தபோது
அதற்குப் பின் வரும் வெயிலை
நாங்கள் யோசிக்கவில்லை.

போன செவ்வாய் இரண்டு உரையாடல்.
குடியிருப்பு அலுவலகத்திலிருந்து
தேன் தடவிய ஒரு குரல்:
இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கிறீர்கள்தானே?
மாலையில் பதவி உயர்வுக்கான நேர்காணல்,
அதே தேன்:
இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கவில்லைதானே?
அங்கே ஆமாம் சொன்னேன்.
இங்கேயும் ஆமாம் சொன்னேன்.
இரண்டும் பொய்.
யோசிப்பதற்கு
எந்த ஷிப்டில் நேரம் இருந்தது?

இரவு ஒன்பதரை.
கீழ்வீட்டார் ஒருமுறை சண்டைக்கு வந்துவிட்டதால்
லிஃப்ட் வாசலில் கயிறு சுழல்கிறது.
நூற்று எழுபதில் காலில் சிக்கிற்று.
"முதல்லேர்ந்தா, அம்மா?"
ஒரு புள்ளிக்காக ஒரு முழுக் கண்ணாடியை
ஒதுக்கிவைக்கிறவள் நான்.
விட்ட இடத்திலிருந்து போதும் என்றேன்.
ஆசிரியைக்கு அனுப்புமுன்
அந்தச் சிக்கலை வெட்டி ஒட்டினேன்.

நடுராத்திரி தாண்டி ரெண்டு பத்துக்கு
சாவ்ஹு ஏரிப் பக்கமிருந்து ஒரு செய்தி.
'பாதையோரம் என்னவோ பூத்திருக்கிறது.
பெயர் தெரியவில்லை.
கல்யாணமான புதிதில் நீ போடும் ஷாம்பூ வாசனை.
உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு
எத்தனை நாளாச்சு, சொல்.'

பாதித் தூக்கத்தில்
என் கட்டைவிரல் தானாகப் பதில் போட்டிருக்கிறது.
பெற்றுக்கொண்டேன்.

காலையில்தான் பார்த்தேன்.
காது மடல் சுட்டது.
ஆறு நாற்பதுக்குக் கதவு.
ஷூவைக் கழற்றாமல் நின்றான்.
ஏதாவது சொல்லேன் என்று நின்றேன்.
"அறிக்கை," என்றான்,
"மதியத்துக்குள் வந்துடுமா?"

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
கண்ணைத் துடைத்துவிட்டது
அவனுடைய கிரீஸ் படிந்த சட்டைக்கை.
ஷூ அடுக்கும் பலகைமேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்து
ஒரே கரண்டியால்
ஆவியில் வெந்த முட்டையைச் சாப்பிட்டோம்.
சோயா சாஸ் கூடிப்போயிருந்தது.
உள்ளே கைபேசி
துடித்துத் துடித்து மேசை விளிம்புக்கு வந்திருக்கும்.
புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வந்த சியாவ்மான்
எங்களைப் பார்த்துத் திகைத்து,
பிறகு நடுவில் இடம் கேட்டாள்.

அன்று
பாவ் ஆசிரியைக்கு
நான் நாற்பத்து மூன்றாவது.