கரைப்பக்கம்

வேலைச் சீட்டில் ஒரே வரி:
"கரைப்பக்கக் கண்ணாடியில் கீறல். கறுப்பு பூசவும்."

நூற்றுப் பதினெட்டு இரும்புப் படிகள்.
எழுபதாவதில் மூச்சு முட்டி
பெயிண்ட் டின்னின் மேலேயே உட்கார்ந்தேன்.
சின்னச் சன்னலில் சுங்கை தெலுக்:
செம்பனை, செம்பனை,
நடுவே மில்லின் புகை,
சீனக் கடை வரிசை,
மாரியம்மன் கோபுரத்தின் மஞ்சள் நுனி.

விளக்கு எங்களுக்கானதல்ல.
கட்டியவர்கள் அதில் தெளிவாக இருந்தார்கள்.
கடலுக்கு வெளிச்சம், கரைக்குக் கறுப்பு.
பாறை இது, ஆழம் அது என்று
துறைமுகம் தேடும் கப்பல்களுக்குச் சொல்லும்.
பூட்டன் வந்த கப்பலுக்கும் சொல்லியிருக்கும்.
இறங்கி நடந்தவரின் முதுகுக்கு
ஒன்றும் சொன்னதில்லை.

மேலே போய்ப் பார்த்தால்
கீறல் இல்லை அது.
ஐந்து காசு அளவில் ஒரு வட்டம்.
ஆணி முனையால், அவசரமில்லாமல்
சுரண்டி எடுத்தது.
விளிம்பை நகத்தால் தடவினேன்:
ஏழு படலம் பெயிண்ட்.
ஏழு பேர் பூசியிருக்கிறார்கள்.
ஏழு முறையும் யாரோ திறந்திருக்கிறார்கள்.

கண்ணை வைத்தேன்.
மூன்றாம் டிவிஷன் நேராகத் தெரிந்தது.
எங்கள் லயம் நின்ற இடத்தில்
வங்காளதேசத்துப் பையன்களின் கொங்சி,
கொடியில் ஒரு சிவப்பு ஜெர்சி.

அப்போதுதான் உறைத்தது.
பதினைந்து விநாடிக்கு ஒருமுறை
எங்கள் அடுப்படிச் சுவரில்
காலண்டர் முருகனின் முழங்கால் மட்டும்
வெளுத்து மறையும்.
லாரி விளக்கு என்றார் அப்பா.
அந்தப் பக்கம் ரோடே கிடையாது.

அம்மாவுக்குப் போன் போட்டேன்.
"அந்த வெளிச்சம் ஞாபகம் இருக்கா?"
"எது, பளிச்சு பளிச்சுன்னு வருமே, அந்தச் சனியனா?
உன் தங்கச்சி தூங்க மாட்டேன்னு அழுவா.
அதுக்குத்தானே சன்னல்ல கைலியைக் கட்டினேன்."
பிறகு கேட்டாள்,
"சாப்பிட்டியா?"

எங்களுக்காக ஒருவன்
வேலை போகும் ஆபத்தோடு திறந்ததை
ஒரு பழைய கைலியால் மூடியிருக்கிறோம்.
சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான்.

பூசினேன்.
இரண்டு கை, மேலிருந்து கீழாக.
கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
"கரைப்பக்கம் சரி செய்யப்பட்டது."
தேதி. கையெழுத்து: ந. தணிகைவேல்.

இருட்டத் தொடங்கியதும்
கூண்டுக்குள் லென்ஸ் மெதுவாகத் திரும்பியது.
எண்ணெய் ஏற்ற வந்த கப்பலொன்று
தூரத்தில் மூக்கைத் திருப்பி
வாய்க்காலுக்குள் ஒழுங்காக வந்தது.
அதற்கு எந்தக் குறையும் இல்லை.

காய ஒரு மணி நேரம் ஆகும்
என்று டின்னில் போட்டிருந்தது.
கீழே இறங்கவில்லை.
பாக்கெட்டில்
மோட்டார் சைக்கிள் சாவி.