எம் அளவு, நூறு உருப்படி

பல் கிளினிக்கிற்குச் சாமான் வாங்குவது என் வேலை.
பஞ்சு, மரத்துப்போக ஊசி மருந்து, காகிதக் குவளை,
மாதம் நாற்பது பெட்டி கையுறை.
பிறையில், டோல் தாண்டி இரண்டாவது கடைவரிசை, மேல்மாடி.
எந்தக் கம்பெனி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.
எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வந்தான்,
வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு.
தில் பகதூர், இருபத்தாறு வயது, நேப்பாளம்.
கடப்பிதழ் கேட்டேன்.
நாலாக மடித்த நகலை நீட்டினான்.
மடிப்பு விழுந்த இடத்தில் முகம் தேய்ந்து போயிருந்தது.
அசல்?
கம்பெனியிடம்.
எந்தக் கம்பெனி?
பேச வலித்திருக்க வேண்டும்.
தாடையை உயர்த்திக் காட்டினான்
என் தலைக்குப் பின்னால்
சுவரில் நான் மாட்டி வைத்த நீலப் பெட்டியை.

டாக்டர் இயோ அதிலிருந்துதான் இரண்டை உருவினார்.
அச்சிலிருந்து அவனே உரித்ததாக இருக்கலாம்,
பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவன் உரித்ததாக இருக்கலாம்.
அது அவன் வாய்க்குள் போயிற்று,
கடைவாய் வரை.
கொப்பளித்துத் துப்பிவிட்டு
பாதி உதட்டால் சிரித்தான்.
ருசி தெரிகிறதாம்.
பன்னிரண்டு மணி நேரம் மூக்கில் ஏறும் வாசனைதானாம்.

அன்றிரவு எனக்கு வந்தது கோபமா வெட்கமா தெரியவில்லை.
எதுவாக இருந்தாலும் தட்டச்சு செய்ய வைத்தது.
நான்கு கம்பெனிகளுக்கு ஒரே கேள்வி:
உங்கள் ஆட்களின் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது?
ஒன்று பதிலே போடவில்லை.
ஒன்று ஐந்து விழுக்காடு கழிவு தந்தது.
ஒன்று வண்ணத்தாள் அனுப்பியது,
அதில் ஆறு பேர் கைகட்டிச் சிரித்தார்கள்.
நான்காவதிலிருந்து ஹஸ்லினா என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.
அவரவர் பெட்டியில், சாவி அவரவரிடம், என்றாள்.
இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னாள்.
போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை.
குரலை நம்பினேன்.
பெட்டிக்கு மூன்று வெள்ளி இருபது காசு கூடுதல்.

நல்ல காரியம், செய்யுங்கள், என்றார் டாக்டர்.
மாதக் கணக்கு மட்டும் ஏறக்கூடாது.

நாற்பது பெட்டிக்கு நூற்றிருபத்தெட்டு வெள்ளி.
பஞ்சில் குறைக்க முடியாது.
மின்சாரத்தில் முடியாது.
கீழே, கடைசி வரியில்,
துப்புரவுக்கு வரும் சுமினாவின் சனிக்கிழமை ஓவர்டைம்.
நான்கு சனி, முப்பத்திரண்டு வீதம்.
கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால்
அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.
அழித்தேன்.
என் விரல்தான் அழித்தது, டாக்டருடையது இல்லை.

சுமினா ஒன்றும் கேட்கவில்லை.
சனிக்கிழமை வேலையை
வெள்ளிக்கிழமைக்குள் திணித்துக்கொண்டாள்.

மீந்த நீலப் பெட்டி பதினொன்று.
குப்பையில் போட்டால் உழைப்பு வீணாகும்,
போடாவிட்டால் நான் ஏன் மாறினேன்?
நோயாளிக்கு வெள்ளைப் பெட்டி, கழிவறைக்கு நீலம்,
சீட்டு எழுதி ஒட்டினேன்.
மறுநாள் மாலை கதவைத் திறந்தால்
சுமினா குனிந்து தரை தேய்க்கிறாள்,
முழங்கை வரை ஈரம்,
இரண்டு கையிலும் நீலம்.
கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.
டாக்டரிடம் திங்கட்கிழமை பேச வேண்டும்.
இரண்டு திங்கள் போய்விட்டன.

தையல் பிரிக்க தில் பகதூர் திரும்ப வந்தான்.
வீக்கம் வடிந்து, முகம் வேறாக இருந்தது.
நாற்காலியில் சாய்ந்தவன் சுவரைப் பார்த்தான்,
பெட்டியைப் பார்த்தான்,
எழுந்துபோய் அதன் பக்கவாட்டில் இருந்ததை
எழுத்துக்கூட்டிப் படித்தான்.
நான் காத்திருந்தேன்.
சந்தோஷப்படுவான் என்று எங்கேயோ நினைத்திருக்கிறேன் போல.

எங்களுடையது என்ன ஆயிற்று, என்றான்.
கிழிந்ததா?

இல்லை, என்றேன்.
ஒன்றுகூடக் கிழிந்ததில்லை.