ஆறு மில்லிமீட்டர்

ரம்லத் போன் பண்ணினாள்.
"அக்கா, புதுக் கார் வலது பக்கமே இழுக்குது.
ஷோரூம்ல ரெண்டு தடவை பார்த்தாச்சு,
ஒண்ணுமே இல்லேங்கறாங்க."
இரும்பு கேட்டில் நீளமாக ஒரு கீறல்.
மாமியார் மூன்று நாளாகப் பேசவில்லை.

ஷோரூம்காரன் பொய் சொல்கிறான் என்றுதான்
நானும் நினைத்தேன்.

சாயங்காலம், மீனாட்சிபுரம் தாண்டி
நேராகக் கிடக்கிற அந்த ரோட்டில்
ஸ்டீயரிங்கை ஒரு நொடி விட்டுப் பார்த்தேன்.
இரண்டு மொழியில் பெயர் எழுதிய என் வெள்ளை எண்ணூறு
யாரோ கூப்பிட்டாற்போல
இடப்பக்கம் தென்னந்தோப்புக்குள் போகப் பார்த்தது.

கற்றுக்கொள்ள வந்தவர்கள்
இடப்பக்கத் திண்டில் ஏற்றி ஏற்றி
எந்த நாளில் அது கோணியதோ தெரியாது.
என் கை தெரிந்துகொண்டு, எனக்குச் சொல்லாமல்
வலது பக்கம் ஒரு விரல்கடை பிடித்தே ஓட்டியிருக்கிறது.
நேராகப் போவதென்றால் இதுதான் என்று
நூற்றுச் சொச்சம் பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறது.

பொள்ளாச்சிக்குப் போனால் மெஷின் வைத்துப் பார்ப்பார்கள்.
பார்த்துவிட்டு, கூரையில் இருக்கும் போர்டைப் படித்து
சிரிக்கவும் செய்வார்கள்.

ஆகவே விடியற்காலை, கொப்பரைக் களத்து சிமெண்ட் தரை.
தண்ணீர் ட்யூப் பிடித்து மட்டம் பார்த்ததில்
ஒரு மூலை தாழ்வு;
டயருக்கு அடியில் ஒரு டைல்ஸ்,
அதன் கீழே எட்டாய் மடித்த மலையாளப் பேப்பர்.
கருவி என்று சொல்லக் கூச்சம்தான்:
ஒரு முக்காலி, சணல் நூல், நுனியில் கட்டிய நட்,
மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து இரும்பு ஸ்கேல்.

கணவாய்க் காற்று விடவில்லை.
நூல் ஊஞ்சலாடியது.
அன்றைய ஆறு மணி கிளாஸுக்கு வந்த சிந்தாமணி,
கோழிப்பண்ணையில் முட்டை எண்ணுகிறவள்,
ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து
நட்டை அதற்குள் முக்கினாள்.
நூல் நின்றது.
எனக்கு அது தோன்றவே இல்லை.

வலது சக்கரம்: மேலே முப்பத்தேழு, கீழே முப்பத்தேழு.
இடது: கீழே நாற்பது.
மேலே முப்பத்து நாலு.
மறுபடி அளந்தேன். முப்பத்து நாலுதான்.
சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கிறது,
முன்னூறுக்கு ஆறு,
ஒரு டிகிரியும் கொஞ்சமும்.
"ஒரு அரிசி நீளம்," என்றாள் சிந்தாமணி.
"இதுக்கா அக்கா தோப்புக்குள்ள போகுது?"

ஸ்ட்ரட்டின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி
தலையை உள்ளே தள்ளி இறுக்கினேன்.
காரை இறக்கி, நாலடி உருட்டி, திரும்ப அளந்தால் நாலு.
மறுபடி தளர்த்தினேன். இரண்டு.
விரலில் தோல் போனபின் ஒன்று.
அந்த ஒன்று தண்ணீரின் அசைவாகவும் இருக்கலாம் என்று
ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

ரோட்டில் ஏறினோம்.
கார் நேராகத்தான் போனது.
நான் போகவில்லை.
பழைய விரல்கடையைப் பிடித்தபடி
நடுக்கோட்டைத் தாண்டிவிட்டேன்.
எதிரே இளநீர் லாரி,
நீண்ட ஹாரன், ஜன்னல் வழியே
மலையாளத்தில் என் தகப்பனைப் பற்றி ஏதோ.
"நேரா போங்க அக்கா," என்றாள் சிந்தாமணி,
நான் தினமும் அவளிடம் சொல்கிற அதே குரலில்.

செக்போஸ்ட் மரத்தடியில் நிறுத்திவிட்டு
வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதற்கு எங்கே நூல் கட்டுவது.

பிறகு ரம்லத்துக்குப் போன் போட்டேன்.
"உன் கார் சரியாத்தான் இருக்கு."
"அப்ப?"

கேட்டுக்கு என்ன பெயிண்ட் அடித்திருந்தது
என்று கேட்டேன்.