பதினேழாவது பெட்டி

தக்குவரெம்போவில் அக்டோபர் என்றால் வசந்தம்.
கடைக் கண்ணாடியில் மகரந்தம் மஞ்சளாக அப்பியிருந்தது.
அதைத் துடைக்கச் சொன்ன தெல்மிரோ
அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்:
அடுத்த வியாழன் புது இயங்குதளம் வருகிறது,
அதுவரை வாயைத் திறக்காதே,
கிடங்கில் பதினேழு பெட்டி இருக்கிறது.

பதினாறை விற்றுவிட்டேன்.
பூகோள வாத்தியாருக்கு ஒன்று,
டயர் கடைக்காரருக்கு இரண்டு,
கல்யாணப் பரிசென்று கேட்டு வந்த பையனிடம்
சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது.
ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

மழை பெய்த செவ்வாயன்று
டாக்டர் இர்மா எச்செவெர்ரி வந்தார்.
குதிரை வைத்தியர். முழங்கால்வரை சேறு.
கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே சுரைக்குடுக்கை.
இரண்டையும் கீழே வைக்காமலே
பணம் எண்ணும் வித்தை
இந்த நாட்டில் பிறந்த எல்லோருக்கும் வரும்.
எண்ணினார்.
தவணை வேண்டாமாம், மொத்தமாகவே தருகிறாராம்.

"இதைவிடப் புதிதாக ஏதாவது வரப்போகிறதா?"

கேட்டே விட்டார்.
கல்லாவுக்குப் பின்னால் தெல்மிரோ
இல்லாத தூசியை ஊதினார்.
நானும் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறேன்.
"வியாழக்கிழமை" என்றேன்.
ஒரே சொல்.
சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று
அது உதட்டைத் தாண்டும்போதே கணக்குப் போட்டேன்.

அவர் மாத்தே உறிஞ்சினார்.
குடுக்கையின் அடியில் கொரகொரவென்று சத்தம்.
"தெரியும். அதனால்தான் செவ்வாய்க்கிழமை வந்தேன்."

அவரிடம் ஒரு ஸ்கேன் கருவி இருக்கிறது.
அதைச் செய்த கம்பெனி மூடி ஆறு வருஷம்.
புதுத் தளத்தோடு அது பேசாது,
பேசவைக்க ஆளும் இல்லை.
பழைய கணினியைப் போன வாரம் ஒரு பெட்டைக் குதிரை
உதைத்த உதையில் இரண்டாக்கிவிட்டது.
ஊரெல்லாம் புதிதுக்குக் காத்துக் கிடக்க
இவர் பழையதின் கடைசிப் பெட்டிக்கு
மழையில் வண்டியோட்டி வந்திருக்கிறார்.

பதினாறு பேர் கணக்கும் தீர்ந்தது போல எனக்கு ஒரு லேசு.
பதினேழாவதை நானே தூக்கி வண்டியில் ஏற்றினேன்.
கைகூட ஆட்டினேன்.

இருபத்து மூன்றாம் நாள் தொலைபேசி.
"ராத்திரி யாரோ வீடு புகுந்து
மேசை நாற்காலியெல்லாம்
இடம் மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்" என்றார்.
மழை நிற்குமா என்று பார்க்க
ஒரே ஒரு தடவை இணையத்தில் இணைத்தாராம்.
அது போதும்.
அவர் தூங்கும்போது கணினி
தன்னைத்தானே உயர்த்திக்கொண்டுவிட்டது.

ஆக, நான் சொல்லாமல் விட்டது வேறொன்று.
அமைப்புகளுக்குள் மூன்றாவது பக்கத்தில்
சின்னதாக ஒரு பொத்தான்.
அணைத்துக் கொடுத்திருக்கலாம், அரை நிமிஷ வேலை.
அதை மறைக்கும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை.
எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை கடை மூடியதும் ஸ்கூட்டரில் போனேன்.
பதினெட்டு கிலோமீட்டர், பாதி சரளைக்கல்.
பழைய தளம், விரல் நீளக் குச்சியில்,
சட்டைப்பைக்குள் குலுங்கிக்கொண்டே வந்தது.

லாயத்தில், வைக்கோல் கட்டின் மேல் கணினி.
முப்பத்தொரு சதவீதம்.
முப்பத்தொரு சதவீதம்.
நெடுநேரம் முப்பத்தொன்றிலேயே நின்றது.
உதைத்த அதே குதிரை என் சட்டைக் காலரை மென்றது.
இர்மா மாத்தே நீட்டினார். கசப்பு.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

விடியச் சற்று முன்னால்தான்
கருவியும் திரையும் பேச்சுவார்த்தைக்கு வந்தன.
சாம்பல் நிறத்தில் பனி. பனிக்குள் கறுப்பாக ஒரு குளம்.
குளத்தின் ஓரத்தில் அவர் நகத்தை வைத்துக் காட்டிய இடத்தில்
அரிசியைவிடச் சற்றே பெரிதாக ஒன்று
மினுக்கிற்று, அணைந்தது, மினுக்கிற்று.

"பெட்டி வாங்கிய அன்றுதான் சினை ஊசி போட்டேன்.
இருபத்தாறு நாள். நாள் தவறவில்லை" என்றார்,
என்னிடமல்ல, குதிரையிடம்.

நான் அந்தப் பொத்தானை அணைத்தேன்.
மூடினேன்.
மறுபடி திறந்து,
அணைந்துதான் இருக்கிறதா என்று பார்த்தேன்.